சாய்ந்தமருது மணலில் மைமூனாவின் தக்காளி

மைமூனா தக்காளி வளர்க்கிற அழகே தனி. கிணற்றடி மணலில் சாணமும் சாம்பலும் கலந்து நடுவாள். செடிக்கொரு கம்பு ஊன்றி, பழந்துணியைக் கிழித்துத் தளரக் கட்டுவாள். இலைக்கக்கத்தில் துளிர் தலைகாட்டினால் போதும், காலையிலேயே கிள்ளி எறிந்துவிடுவாள். கிளைக்குப் போகிற சத்து காய்க்குப் போகட்டும் என்பது அவள் கணக்கு.

எண்பத்திரண்டில் கல்யாணமானது. ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை மர்சூக் வயலூரான சம்மாந்துறையிலிருந்து வந்து குடியேறினார். சில நாளில் மருமகளைப் பார்க்க வந்த மாமி சபியா உம்மா, கிணற்றடியில் கிடந்த துளிர்களைக் கண்டு மூக்கில் விரலை வைத்தார்.

"வளர்றதக் கிள்ளுறியே மகள்! இந்தக் கடல் மணல்ல இராவணன் மீசைப் புல்லுத்தான் முளைக்கும். தக்காளி எண்டா எங்கட ஊருக்கு வா."

"நோன்புப் பெருநாளைக்கு நீங்க வாங்க மாமி. இந்த மணல்ல காய்ச்சதுல ஆணம் ஆக்கித் தாறன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அந்தச் செடிகள்தான் அவள் மானம். நோன்பு தொடங்கியபோது அடிக்குலைகளில் காய் பிடித்திருந்தது. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், ஒரு செடிக்கும் தலையில்லை! பக்கத்தில் மர்சூக், கையில் கதிரறுக்கும் தாக்கத்தி.

"கொழுத்துப்போய் நிண்டிச்சி புள்ள. வயல்ல இப்பிடி எண்டா தலைய அரிஞ்சி விடுவம், சாயாது."

"சாயாமத்தானே கம்பு ஊண்டி இரிக்கி!"

மேலும் நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. புது மாப்பிள்ளையை அதட்டலாமா என்று அவள் உம்மா குசினி வாசலில் நின்று கண்ணாலேயே அடக்கினார். மைமூனா செடி செடியாகக் குனிந்து பார்த்தாள். வெட்டுக்குக் கீழே, மறுநாள் கிள்ளியெறிய இருந்த துளிர்கள் நின்றன. செடிக்கொன்றாக மேல் துளிரை மட்டும் விட்டு, அதையே தலையாக்கிக் கம்பில் கட்டினாள். அந்தத் தலை நிமிர்வதற்குள் அடிக்காய்கள் திரண்டு, பிறை காணுமுன்னே சிவந்துவிட்டன.

பெருநாளன்று மாமி சோற்றில் ஊற்றிய ஆணத்தை ருசித்துவிட்டு இன்னோர் அகப்பை கேட்டு வாங்கினார். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் செடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தலைய ஆரு வெட்டின?"

"நான்தான் உம்மா," என்றார் மர்சூக், மெல்ல.

"அதானே பாத்தன்! சம்மாந்துறைக் கை பட்டாத்தானே காய்க்கும்."

"ஓம் மாமி," என்றாள் மைமூனா சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அந்தக் கைய ரெண்டு மாசத்துக்கு உங்கட வயலுக்குக் கூட்டிட்டுப் போங்க. வந்த தலையாவது வளரட்டும்."