ரேடியம் ஒட்டிய பனியன்கள்

கம்பம் ஊரில் என் அப்பா நம்பர் பிளேட் கடை வைத்திருந்தார். மலை மேலிருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு ரேடியம் ஸ்டிக்கரில் எண் வெட்டி ஒட்டித் தருவார். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் பெண்களுக்கும் கால்பந்து அணி சேர்த்தார்கள். அணிக்கு நாங்களே உடுப்பு செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்தக் கடைதான் காரணம்.

பள்ளியில் ஒரே ஒரு செட் ஜெர்சிதான் இருந்தது. அது பையன்களுக்கு. தேனியில் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விளையாட்டு வாத்தியார் எங்களைக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை வேணும், முதுகுல நம்பர் வேணும். இல்லாட்டி கிரவுண்டுக்குள்ள விடமாட்டாக. ஏற்பாடு பண்ணுவீகளா, இல்ல பேரை அடிச்சிரவா?"

என் பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள். எங்கள் அணியில் கோல் அடிப்பவள் அவள்தான். பந்து காலுக்கு வந்துவிட்டால், எதிரில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கடந்து போயிருப்பாள். எனக்கு அவளைவிட நெருக்கமான தோழி கிடையாது.

"நாங்களே செஞ்சுக்கிறோம் சார்" என்றேன்.

ஆளுக்கொரு கை வைத்த வெள்ளைப் பனியன் கொண்டுவந்தோம். அப்பாவுடையது, அண்ணனுடையது, துவைத்துத் துவைத்து நூலாய்ப் போனவை. டிவியில் பார்த்த பிரேசில் அணியைப் போல மஞ்சளாக இருக்க வேண்டும் என்று முடிவானது. முதலில் ஒன்றை மட்டும் மஞ்சள்தூளில் முக்கிப் பார்த்தோம். சோப்புப் போட்டு அலசியதும் அங்கங்கே சிவப்பாகத் திட்டு விழுந்தது. அதனால் கடையில் சாயப்பொடி வாங்கினோம். ஏலக்காய் எடுக்கப் போகும் என் தோழியின் அம்மா, லீவு நாளில் அண்டாவை அடுப்பில் ஏற்றித் தந்தார்.

"கல்லுப்பு ரெண்டு கை அள்ளிப் போடுத்தா. அப்பத்தான் சாயம் நிக்கும்னு சொல்லுவாக" என்றார்.

அப்பா மிச்சம் கிடந்த சிவப்பு ரேடியத்தில் எண்களை வெட்டினார். "இது தகரத்துல ஒட்டுறதும்மா. துணியில நிக்காது" என்று சொல்லிக்கொண்டேதான் வெட்டினார். ஒட்டிய எண்களின் மூலைகளை ஊசி நூலால் தைத்தோம். பத்தாம் எண் அவளுக்கு. அதற்கு யாரும் சண்டை போடவில்லை.

தேனி மைதானத்தில் எதிரணியினர் பளபளவென்று நீல ஜெர்சியில் நின்றார்கள். "ஏ, ஜீப் நம்பர் மாதிரி இருக்குடி" என்று ஒருத்தி சிரித்தாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் தோழி கோல் அடித்தாள். அதன் பிறகு அவர்கள் சிரிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் மழை பிடித்தது. எல்லார் காலிலும் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. ரேடியம் எண்கள் கழன்று சேற்றில் விழுந்தன. நூலாய்ப் போன பனியன் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்று நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. என் தோழி இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். பந்து உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அவள் உதைக்கவில்லை. நான் கத்தினேன். என்னைப் பார்த்தாளே தவிர, கையை எடுக்கவில்லை.

தோற்றோம். எங்கள் பஸ் கம்பம் வருவதற்குள் அந்த வீடியோ ஜீப் ஸ்டாண்டில் நின்ற அவள் அப்பாவின் போனுக்கு வந்துவிட்டது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலிலேயே இருந்தார். கோபப்படுகிறவர் இல்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

"அவ இனிமே விளையாட வரமாட்டாத்தா."

"மாமா, நான்தான் அந்தப் பனியன்..."

"ஸ்டாண்டுல என்ன பேசுனாய்ங்கன்னு தெரியுமா ஒனக்கு? நானும் அங்கனதான் நின்னேன். நீயும் போகாத, சொல்லிட்டேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஆனால் அவள் வெளியே வரவில்லை.

வாத்தியாரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் பேசச் சொன்னேன். "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் பெண்கள் அணியே இல்லை. அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். அதன் பிறகு விடியற்காலை ஜீப்பில் அம்மாவோடு மலைக்குப் போகத் தொடங்கினாள். சீக்கிரமே கல்யாணமும் ஆயிற்று. அழைப்பு வந்தது, நான் போகவில்லை. நான் படித்தேன். இப்போது பழனிசெட்டிபட்டியில் ஒரு கம்பெனியில் கணினி வேலை.

போன வருடம் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி. என்னை அடையாளம் கண்டு அவளாகவே வந்தாள். அம்மாவைப் பற்றிக் கேட்டாள், வேலையைப் பற்றிக் கேட்டாள். இத்தனை வருடமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த மன்னிப்பைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த வீடியோ இன்னும் யாருகிட்டயாச்சும் இருக்குமா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற? பாத்துச் சொல்லேன்."

"இருக்காது" என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

அவள் தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. குச்சனூர் பஸ் வந்ததும் பிள்ளைகளை முன்னால் ஏற்றிவிட்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.