விவசாயி என்று ஒரு சான்றிதழ்

தொண்ணூறுகளில் நான் மைசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் ஃபைல் புரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் ஒரு வாய்க்கால் பாசன நிலத்தின் மேல் ஆசை வந்தது. உழுவதற்கு அல்ல, வீடு கட்ட. விளைநிலம் கண்டவன் கைக்குப் போகக் கூடாது என்று, விவசாயி மட்டுமே அதை வாங்கலாம் என அன்று கர்நாடகத்தில் சட்டம் இருந்தது. அந்தக் கண்டவன் நான்தான்.

கொள்ளேகால் பக்கம் எனக்குப் பூர்வீக நிலம் இருப்பதாகத் தரகர் பொய்ப் பத்திரம் தயாரித்தார். விவசாயி சான்றிதழ் வாங்க, வேட்டியும் துண்டுமாக அந்தப் பக்கத்துத் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். புதுத் துண்டில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

நாற்று எப்போது விடுவாய் என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். திருதிருவென்று விழித்தேன். பின்னால் நின்றவர் காதருகே குனிந்து தமிழில் சொன்னார்.

“ஆடியில உடுவமுன்னு சொல்லுங்க. பயந்துக்காதீங்க.”

சொன்னேன். முத்திரை விழுந்தது.

அடுத்தது அவர் முறை. பக்கத்து வயலை வாங்க அவருக்கும் அதே சான்றிதழ் வேண்டும். அவர் உழுகிற நிலம் இன்னும் செத்துப்போன அப்பா பேரில் இருக்கிறதாம். விவசாயி என்பதற்கு ஆதாரம் இல்லையாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். “உங்களுக்காச்சும் கெடச்சுதுங்களே. நல்லா வெளையட்டும்.”

வாங்கிய நிலத்தில் வீடு கட்டினேன். விளைநிலத்தை வீட்டுமனையாக மாற்ற, அதற்கும் ஒரு காகிதம் கிடைத்தது. ஆடியில் வாசல் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவர் முகம் வந்து நிற்கிறது. அரசாங்கத்தின் காகிதத்தில் நான் இன்றும் விவசாயி. அவர் ஆனாரா என்று தெரியாது.