வெர்லினின் வடிகால்

பிடிவாதத்தில் வெர்லின் போர்ஸ்மா தன் மாடுகளையே தோற்கடிப்பார். பால் பண்ணை நடுவே ஓடும் தண்ணீரை அறுபது வருஷமாக ‘வடிகால்’ என்றுதான் சொல்லி வந்தார். அப்பா வெட்டி நேராக்கியது. வேறு பெயர் எதற்கு?

ரிட்டயரான நோரீன் டீச்சருக்கு அது ‘ஓடை’. சனிக்கிழமைதோறும் பத்துப் பேரும் ஒரு பெட்டி டோனட்டுமாக வந்து நட்டாலே வேர்விடும் வில்லோ மரக் குச்சிகளைக் கரையில் நடுவார். நிழல் விழுந்து தண்ணீர் குளிர்ந்தால் கடலிலிருந்து சால்மன் மீன் முட்டையிட ஏறி வருமாம். மனைவியின் நச்சரிப்பில் வெர்லின் கரையைக் கொடுத்தாரே தவிர, பெயரைக் கொடுக்கவில்லை.

“டீச்சரம்மா, வடிகால்ல தவளை வரும். அதுவும் வழி தப்பித்தான் வரும்.”

“மீன் வந்துட்டா?”

“வந்துட்டா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காபி குடிக்கிறப்ப எல்லார் முன்னாலயும் ‘ஓடை’ன்னு சொல்றேன். போதுமா?”

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரைக் கலாய்க்க அந்தக் காபிக் கூட்டம் முப்பது வருஷமாகக் காத்திருக்கிறது.

முதல் நாளே டீச்சரோடு வந்த நகரத்து ஆட்கள் பாதிக் குச்சிகளைத் தலைகீழாக நட்டுவிட்டார்கள். மொட்டெல்லாம் மண்ணைப் பார்த்தது. வெர்லின் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு தலைகீழாக நின்ற நாற்பத்தேழு குச்சிகளையும் பிடுங்கி நேராக நட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பர் மழையில் தண்ணீர் கரை தாண்டிப் புல்வெளியில் பாய்ந்து, மெல்ல வடிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை டிராக்டர் தடத்துப் பள்ளத்தில் ஒரு சால்மன் துடித்துக்கொண்டிருந்தது. பார்த்தது ஒரே ஒரு பசு. பேசாமல் போயிருந்தால் பந்தயம் பிழைத்திருக்கும், மீன் பிழைத்திருக்காது. தன்னையே திட்டிக்கொண்டு மீனை மழைக்கோட்டுக்குள் செருகி ஓடினார். எதிரே டீச்சர், பின்னால் பத்துப் பேர்.

“கோட்டுக்குள்ள என்னய்யா துள்ளுது?”

“வாயுத் தொல்லை.”

“வாயுவுக்கு வால் இருக்கே!”

வால் அவர் தாடையில் பளாரென்று அறைந்தது. சேற்றில் சறுக்கி, மீனோடு வடிகாலின் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார். நழுவிய மீன் மறுபடியும் புல்வெளிப் பக்கமே திரும்பப் பார்த்தது. வெர்லினுக்குப் பதறிவிட்டது.

“ஏய் லூசு! அந்தப் பக்கம் மாட்டுப் புல்லு! ஓடை இந்தப் பக்கம்!”

சொன்னதைக் கேட்டது போல மீன் ஓடையில் ஏறிப் போனது. கரையில் டீச்சர் காதருகே கையைக் குவித்தார்.

“இன்னொரு தடவ சொல்லுய்யா. காது சரியா கேக்கல.”

“நாளைக்கு சர்ச்சுல சொல்றேன்,” என்றார் வெர்லின், மீன் போன நிழலைப் பார்த்தபடி. “அந்த வில்லோவ எல்லாம் நேரா நட்டது யாருன்னும் அங்கயே கேளுங்க. அதையும் சேத்துச் சொல்றேன்.”