அண்ணன் அனுப்பிய முதல் டிவிடி

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரைப் புகழ்ந்து எழுதிவிட்டு நழுவிக்கொள்ளும் யோக்கியதை இந்தத் தங்கைக்கு இல்லை.

அண்ணன் பிறந்தது அன்னூர்ப் பக்கம். அப்பா குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் மளிகைக் கடை போட்டு, இரண்டு ஏக்கர் தேயிலையும் வாங்கியபோது அண்ணனுக்கு ஆறு வயது. அப்பா காலமானதும் தம் படிப்பை நிறுத்திவிட்டு, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். நான் சென்னைக்குப் போனேன், தம்பி மஸ்கட்டுக்குப் போனான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவும் தோட்டமும் அண்ணனுக்கு. பெண் கொடுக்க வந்தவர்கள் அம்மாவின் கட்டிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

பசுந்தேயிலை விலை விழுந்து கிடந்த ஆண்டுகள் அவை. ஆள் வைத்துப் பறித்தால் கட்டுப்படியாகாது. பறிக்காமல் விட்டால் கொழுந்து முற்றிவிடும். விற்கலாமென்றால் வாங்க நாதியில்லை. அண்ணனே பறித்தார், நடுநடுவே ஓடிவந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தார். குன்னூர் கடைவீதிக்குப் போய்வருவதே அவருக்கு வெளியூர்ப் பயணம்.

தம்பி ஒரு ஹெச்.டி. கேமரா அனுப்பினான். அம்மாவைப் படம் பிடித்து டிவிடியில் போட்டு அனுப்பச் சொன்னோம், மகாராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. அண்ணன் பழைய கம்ப்யூட்டரில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார். அதில் ஒரு சங்கடம் இருந்தது. தெளிவைக் கூட்டிப் பதிந்தால் ஒரு டிவிடியில் ஒரு மணி நேரம்தான் அடங்கும், குறைத்தால் இரண்டு மணி நேரம் அடங்கும். அண்ணன் குறைத்துப் பதிந்து, எதையும் விடாமல் எங்கள் இருவருக்கும் அனுப்பினார்.

நான் பத்து நிமிடம் பார்த்தேன். எங்கள் பெரிய டிவியில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எரிச்சலோடு போன் போட்டேன்.

“பாத்தியா அம்மணி?” என்று கேட்டார்.

“பாத்தேனுங்ணா. ஒரே கலங்கலா இருக்குது. நல்லாப் பண்ணி அனுப்புங்க.”

 “செரி அம்மணி” என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த டிவிடி பளிச்சென்று வந்தது, ஒரு மணி நேரம். பாவி, அதைப் பாராட்டவும் செய்தேன். முதல் டிவிடி கலங்கல் என்று நான் சொன்னதால், தம்பி தனக்கு வந்ததைப் போட்டே பார்க்கவில்லை.

நான்கு மாதத்தில் அண்ணன் தோட்டத்திலேயே மாரடைப்பில் விழுந்தார். காரியம் முடிந்து அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தபோதுதான் அந்த முதல் படத்தை முழுதாகப் பார்த்தேன். கடைசி மூன்று நிமிடம் தோட்டத்தில் எடுத்தது. கொழுந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து அண்ணன் பேசுகிறார்:

“அம்மணி, தம்பி, ஒருத்தராச்சும் ஒரு பத்து நாளு வந்து அம்மாகூட இருங்க. கோயமுத்தூரு போயி நெஞ்சக் காட்டோணும். மேடு ஏறுனா மூச்சு வாங்குது. அம்மாவ உட்டுப்போட்டு என்னால நகர முடியல.”

எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலில்தான் போன் சிக்னல் கிடைக்கும். அம்மா காதில் விழாமல் இதைச் சொல்ல அவர் கண்ட வழி அந்த டிவிடிதான். நான் பார்த்துவிட்டேன் என்றதும், அவர் பேசியதைக் கேட்டுவிட்டும் வர மறுக்கிறேன் என்றே எடுத்துக்கொண்டார். மறுமுறை கேட்கவில்லை. அந்த மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டுத்தான் அடுத்ததை அனுப்பியிருக்கிறார்.

இப்போது அம்மாவோடு நான் இருக்கிறேன். அரை மணிக்கு மேல் வெளியே போக முடிவதில்லை. யாரிடமும் அலுத்துக்கொள்ள எனக்கு வாயில்லை.

அண்ணனைத் தோளில் சுமந்து மேட்டுச் சாலைக்குக் கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்தாருக்கும், ஜீப் கொடுத்தவருக்கும், நான் வந்து சேரும்வரை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இம்மலரோடு ஒரு டிவிடி வைத்திருக்கிறோம். தெளிவைக் கூட்டிப் பதியலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். இரண்டு மணி நேரமும் இருக்கிறது, கலங்கலாகத்தான் இருக்கும். தயவுசெய்து கடைசிவரை பாருங்கள்.