மீசையில்லாத நைனா

மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு மொட்டைத்தலை வந்து உட்கார்ந்தது. சந்தன வாசனை மூக்கில் ஏறியதும், "முருகா!" என்று அலறி, ஐம்பது வயதைத் தாண்டிய நான் மனைவியின் முந்தானையைப் பிடித்தேன்.

எழுபதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையில் எனக்கு மொட்டை போட்டுவிட்டு நைனாவும் போட உட்கார்ந்தார். காவடியை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். நைனா இருந்த இடத்தில், சந்தனம் பூசிய யாரோ ஒருவன் மீசையில்லாமல் சிரித்தான்.

"வாடா, போலாம்."

"ஐயோ, புள்ள புடிக்கிறவன்!"

கூட்டம் கூடிவிட்டது. "யோவ், யாருய்யா நீ?" என்று அவர் தோளைப் பிடித்தார்கள்.

"நான் இவனோட நைனாங்க!"

நான் பக்கத்துக் கடைக்கு ஓடி, அங்கிருந்த முருகன் படத்தைக் கட்டிக்கொண்டேன். அந்த மலையில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான்.

"பெத்தவனைத் தெரியலியாடா?" என்ற குரல் உடைந்து அழுகையானபோதுதான், அது நைனா என்று தெரிந்தது.

"பொண்டாட்டி பக்கத்துல குந்திகினு கீறேன். பயந்தா முருகனைத்தான் கூப்புடுவீங்களா?" என்றாள் மனைவி.

"அவர் மொட்டை போட்டுக்க மாட்டாருடி."

"வர்ற கிருத்திகைக்கு முடி குடுக்கறதா நான் வேண்டிகினு கீறேனே!"

முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.