கதை வரிசைப்படி ஒரு தவக்காலம்

அன்று என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீங்கள் செபிக்கவில்லை, அக்கா. கோள் சொன்னீர்கள். அதற்குச் செபம் என்று பெயர் வைத்தீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் அன்பியம் என்று ஒன்று உண்டு. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடுவோம். பைபிள் வாசித்து, ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவோம். பட்டாபிராமில் எங்கள் தெருவுக்கு இந்த அக்காதான் பொறுப்பாளர். எதிர் வீடு. சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்டிங் செக்‌ஷனில் இருந்தவர். வாயாடி. சின்ன வயதில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, தியேட்டருக்கு நடந்தே போய், இங்கிலீஷ் விண்வெளிப் படம் பார்த்துவிட்டு வருவாராம். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் திரும்பி வரும் ரயிலில் கூட்டாளிகளுக்கு முழுக் கதையையும் சொல்லிவிடுவாராம். புரியாத இடத்தில் தானே கட்டிச் சேர்த்துக்கொள்வது. அந்தப் படம் பிறகு பெரிய தொடராக வளர்ந்தது. அதில் எந்தப் படம் வந்தாலும் அவர் விட்டதில்லை. எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் பார்த்தார். அவள் வளர்ந்தபின் இரண்டு பேருமாகத் தியேட்டருக்குப் போனார்கள்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் தேறிவிட்டன. பேச்சு தேறவில்லை. வார்த்தை இருக்கிறது, வரிசை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதை முதலில் சொல்லுவார், அப்புறம் ஏறியதைச் சொல்லுவார், நடுவில் தானே குழம்பிப்போய்க் கையில் இருப்பதைத் தூக்கி எறிவார். நடந்ததை நடந்த வரிசையில் தினமும் சொல்ல வையுங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். நானும் காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன்.

"பல்லு வெளக்குனேன்," என்றார். "இதெல்லாம் ஒரு கதையாடி?"

மகள்தான் படத்தைப் போட்டாள். அவருக்கு நன்றாகத் தெரிந்த கதை, ஆசையாகச் சொல்லுவார் என்று. ஆனால் அந்தப் படங்களில் ஒரு கோளாறு இருக்கிறது. முதலில் எடுத்தவை கதையின் நடுவிலிருந்து தொடங்குகின்றன. முன்கதையைப் பல வருடம் கழித்து எடுத்திருக்கிறார்கள். வெளிவந்த வரிசையில் போட்டபோது, செத்துப்போனவர்கள் எல்லாம் இளசாகத் திரும்பி வந்து நின்றார்கள். அவருக்குத் தலை சுற்றிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அப்புறம் மகள் எல்லாப் படத்தையும் கதை நடக்கிற வரிசைக்கு மாற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நடுப்படத்தில் உடைகிற பெரிய ரகசியம் இப்படிப் பார்த்தால் ரகசியமே இல்லையே என்று அவளுக்கு வருத்தம். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு படத்தை மூன்று துண்டாக்கி, சாயங்காலம் ஒரு துண்டு. தமிழில் பேசுகிற படமாகவே போட்டோம். முடிந்ததும் அவர் கதை சொல்ல வேண்டும்.

கதை வரிசையில் பார்த்தால் ஒரு வேடிக்கை. முன்கதைப் படங்கள் பிந்தி எடுத்தவை, அதனால் கப்பலெல்லாம் பளபளவென்று இருக்கும். கதை முன்னே போகப் போகக் கப்பல் பழசாகிவிடும். அதிலுள்ள பொத்தான்கள் எங்கள் பழைய மிக்ஸிப் பொத்தான் மாதிரியே இருக்கும். மகள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் நிதானமாகச் சொன்னார்.

"மொதல்ல ராஜாங்கம் நல்லா இருந்துச்சு. அப்றம் சண்ட வந்துச்சு. அதுக்கப்றம் பெயிண்ட் அடிக்க எவன் கீறான்?"

மொதல்ல, அப்றம், அதுக்கப்றம். வரிசை பிசகவில்லை. மகள் இன்னொரு வாட்டி சொல்லு டாடி என்றாள். "துட்டு குடு," என்றார்.

பிறகு சாம்பல் புதன் வந்தது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம். தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, சினிமா கிடையாது. நாங்களும் வருடா வருடம் டிவியை மூடி வைத்தவர்கள்தான். இந்த வருடம் கறியை விட்டோம், படத்தை விடவில்லை. பாதிக் கதையில் நிறுத்தினால் வந்த பேச்சும் போய்விடும் என்று பயந்தேன். கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து போகிறவர்களுக்கு எங்கள் ஜன்னலிலிருந்து சண்டைச் சத்தம் கேட்டிருக்கும். கேட்கட்டும். ஏன் என்று ஒருத்தர் வந்து விசாரித்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் வரவில்லை.

அந்த வாரம் அன்பியம் எங்கள் வீட்டில். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய் வந்தபிறகு முதல் தடவையாகச் சொந்த வார்த்தையில் ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லப் போகிறார். மத்தியானம் முழுக்க என்னிடம் சொல்லிப் பார்த்தார். அவர் முறை வருவதற்கு முன்னால் அக்கா தொடங்கினார்.

"தவக்காலத்த மறந்து, மாயமும் மந்திரமுமா இருக்கிற படத்துல மூழ்கிக் கெடக்குற ஒரு குடும்பத்துக்காக, அவங்க மனம் திரும்பணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். பழக்கம். என் வாயும் சொன்னது. என் வீட்டுக்காரர் வாயும் சொன்னது, ஒரு எழுத்துப் பிசகாமல். மனப்பாடமான செபமெல்லாம் அவருக்குத் தடையில்லாமல் வரும், சொந்தப் பேச்சுதான் சிக்கும். சொல்லி முடித்தபிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்று எங்களுக்கு உறைத்தது. வந்தவர்கள் எல்லோரும் எங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து அவர் முறை. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். வைத்தியத்துக்காகப் பார்க்கிறோம் என்று முதலிலிருந்து சொன்னேன்.

"நான் யார் பேரையும் சொல்லலியே," என்றார்.

என் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னதற்குப் பேர் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அக்கா பேச்சை மாற்றினார். "செபமெல்லாம் நல்லாத்தான சொல்றாரு? அது போதாதா?"

"போதாதுக்கா. அவரு எங்கிட்ட பேசணும்."

அக்கா அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

அன்பியம் நடந்த அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் டிவி பக்கமே வரவில்லை. கூப்பிட்டால் "பாவம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். செபமாலை மட்டும் சொன்னார். மற்றதற்கெல்லாம் தலையாட்டல். பயிற்சிக்குப் போன இடத்திலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, சத்தத்தைக் கூட்டி, விட்ட இடத்திலிருந்து படத்தைப் போட்டேன். எதிர் வீட்டுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் கூட்டினேன். அதற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அவர் உள்ளறையில் படுத்திருந்தார். மகள் வேலையிலிருந்து வந்து, எதுவரை ஓடியது என்று கேட்டாள். எனக்கு அந்தப் படத்தில் யார் யாருக்குப் பிள்ளை என்பதே சரியாகத் தெரியாது. கப்பல் வெடித்தது, அப்புறம் அந்தப் பெண்ணைப் பிடித்தார்கள் என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அய்ய, இல்லடி. மொதல்ல அந்தப் பொண்ணப் புட்சாங்க. அப்றந்தான் கப்பலு வெடிச்சிது. நீ இன்னாத்தப் பாத்துகினு இருந்த?"

எழுந்து வந்து உட்கார்ந்தார். மீதியைப் பார்த்தோம். இன்னும் இரண்டு படம் பாக்கி. பெரிய வெள்ளிக்கு ஒருநாள் நிறுத்துவோம். மற்ற நாளெல்லாம் ஓடும்.

ஆனால் வீட்டில் பேசுகிறவர் வெளியில் பேசுவதில்லை. கடைக்காரர் நலம் விசாரித்தால் என்னைப் பார்க்கிறார். அன்பியம் என்றால் வரமாட்டேன் என்று கையை ஆட்டுகிறார். அவர் அன்று சொல்ல இருந்த நன்றி எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். அவருக்குப் பதிலாக நான் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன். அது அவருடைய பேச்சு.

அடுத்த அன்பியம் உங்கள் வீட்டில், அக்கா. அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவேன். பைபிளைத் திறப்பதற்கு முன்னால், அன்று வந்திருந்த அத்தனை பேரும் இருக்கும்போது, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அன்று நீங்கள் பேசியது ஆண்டவரிடமா, தெருவிடமா? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். மன்றாட்டாகவும் சொல்ல வேண்டாம். அவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.