மலாக்காவுக்கு என் நட்சத்திரம்

நெற்றி நிறைய விபூதி, பெயர் பிள்ளை, வாசலில் மாவிலைத் தோரணம். வாயைத் திறந்தால் ஒரு சொல் தமிழ் கிடையாது, எல்லாம் மலாய். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் என் அடுத்த வீட்டுக்காரர் இப்படிப்பட்டவர். இவர்களை இங்கே செட்டிகள் என்கிறார்கள். நம் செட்டிநாட்டுக்காரர்கள் அல்ல, பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து மலாக்காவோடு கலந்துபோனவர்கள். பேச்சு போய்விட்டது, சாமி போகவில்லை. ஊரே பக் பிள்ளை, அதாவது பிள்ளை மாமா, என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். மலாக்காவின் கால்பந்து ஆட்டம் நடந்த மறுநாள் காலையில் நான் பல் துலக்க வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "கலா!" என்பார். தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். அதைக் கல்யாணச் சேதி மாதிரி முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிவிட்டு, "தாக் அப்பா லா" என்று முடிப்பார். பரவாயில்லையாம்! நாலு கோல் வாங்கியவனுக்கு என்ன பரவாயில்லை? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரானாலும் அது எத்தனை கோப்பை ஜெயித்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். பிறந்தது சென்னை, சிந்தாதிரிப்பேட்டை. கல்கத்தாவிலிருந்து கால்பந்துக் குழு வந்தால் எங்கள் ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் மாதிரி ஓடுவார்கள். வேலி ஓரம் நின்று தொண்டை வறளக் கத்திவிட்டு, நடுவரைத் திட்டிக்கொண்டே கூவம் கரை வழியாக நடந்து வீடு திரும்புவோம். கல்கத்தாக்காரன் மட்டும் எதைத் தின்கிறான் என்று எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சி நடக்கும். கப்பலேறியபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனசின் ஒரு மூலையில், இனியாவது ஜெயிக்கிற ஊரில் இருப்போம் என்ற அற்ப ஆசையும் இருந்தது. வந்து விழுந்தது மலாக்காவில்.

இங்கே துணிக்கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்கள் பாதி துணி பார்ப்பார்கள், பாதி கால்பந்து பேசுவார்கள். மாநிலங்கள் மோதுகிற அந்தப் பெரிய கோப்பையைச் சிங்கப்பூர் தூக்கியிருக்கிறது, சிலாங்கூர் தூக்கியிருக்கிறது, பினாங்கு, பேராக் எல்லாம் தூக்கியிருக்கின்றன. மலாக்கா? தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இதற்கிடையில் எங்கள் முதலாளியின் தம்பி சிங்கப்பூரில் இரண்டாவது கடை திறந்தார். "நீ அங்க போய்ப் பாத்துக்கடா முருகேசா, கெட்டிக்காரன் நீ" என்றார் முதலாளி. வருகிற ஆவணியில் இந்த நாட்டுக்குச் சுதந்திரம். சிங்கப்பூர் அதில் சேரவில்லை, அங்கே வெள்ளைக்காரன் இன்னும் இருப்பான். ஆகவே போனால் கடை மட்டும் மாறாது, நாடே மாறும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மலாக்காவும் சிங்கப்பூரும் இங்கே மோதுவதாக இருந்தது. அந்தத் தம்பி, எங்கள் சின்ன முதலாளி, ஆட்டம் பார்க்க வருவார், அங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு. போவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. 

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, பக் பிள்ளை பட்டு வேட்டியோடு வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "தோலோங், தோலோங்" என்றார். என்ன உதவி என்று புரியாமலே கூடப் போனேன். தெருக்கோடி அம்மன் கோயில். குருக்கள் கும்பகோணத்துக்காரர், புதிதாக வந்தவர், மலாய் தெரியாது. பக் பிள்ளை தேங்காய்ப் பழத் தட்டை நீட்டி, "மலாக்கா பூன்யா நாமா" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக மலாக்கா பெயருக்கு அர்ச்சனையாம்! நான் சொன்னதும் குருக்கள் திகைத்தார்.

"ஊர் பேருக்கா? நட்சத்திரம் சொல்லுங்கோ."

"ஊருக்கு ஏது சாமி நட்சத்திரம்?"

"நட்சத்திரம் இல்லாம எப்படி ஓய் அர்ச்சனை பண்றது? அம்பாளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமோ?"

பின்னால் வரிசை நீண்டது. ஓர் அம்மாள் "சீக்கிரம் ஆகட்டுங்க, பால் திரிஞ்சிடும்" என்று முனகினாள். பக் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுமை போயிற்று. "கார்த்திகை, ரிஷப ராசி, போடுங்க சாமி" என்றேன். அது என் நட்சத்திரம், என் ராசி. வாயில் வேறு எதுவும் வரவில்லை. குருக்கள் கணீரென்று ஆரம்பித்தார்: மலாக்கா நாமதேயஸ்ய, கிருத்திகா நட்சத்திரே, கூடவே குடும்ப சமேதமாக க்ஷேமம், ஐசுவரியம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் அது யாருடைய நட்சத்திரம் என்று பக் பிள்ளை கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என்னுடையதுதான் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், சத்தியமாக. அவர் சிரிக்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. கடைக்காரப் பையன் தன் நட்சத்திரத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டானாம். எனக்குப் பெயர்கூடத் தெரியாத வீடுகளிலிருந்து கொழுக்கட்டை வந்தது, புளிக்குழம்பு வந்தது. காப்பிக்கடைச் சீனர் காசு வாங்க மறுத்தார். இவர்களிடம் நான் என்னவென்று சொல்வது? உங்கள் ஊர் ஜெயிக்காத ஊர், அதனால் போகிறேன் என்றா? வெட்கமாக இருந்தது. யார் இவர்களை இவ்வளவு நல்லவர்களாக இருக்கச் சொன்னது என்று கோபமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திடலில் எள் விழ இடமில்லை. பக் பிள்ளை என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கப் பந்தலில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு நடுவில் சின்ன முதலாளி. முதல் பாதியில் சிங்கப்பூர் ஒரு கோல் போட்டது. சரி, வழக்கம்போலத்தான் என்று நினைத்தேன். இரண்டாம் பாதியில் யார் காலில் பட்டு எப்படிப் போனதோ, மலாக்காவும் ஒன்று போட்டுவிட்டது! பக் பிள்ளை என் முதுகில் போட்ட அடி இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் விடாமல் நெருக்கியது. எங்கள் ஆட்கள் மூச்சுவாங்கிக்கொண்டு கோலைச் சுற்றியே நின்றார்கள். ஆட்டம் முடியச் சற்று நேரம்தான். சிங்கப்பூரோடு சமன் செய்தாலே மலாக்காவுக்கு அது கோப்பை ஜெயித்த மாதிரி. அப்போது பார்த்துச் சின்ன முதலாளி கை தட்டி என்னைக் கூப்பிட்டார். ஆட்டம் முடிந்தால் கூட்டத்தில் பிடிக்க முடியாது, இப்போதே வந்து சொல் என்று சைகை.

எழுந்தேன். பக் பிள்ளையைப் பார்க்காமல் நடந்தேன். அந்தப் பக்கம் போக மலாக்கா கோலுக்குப் பின்னால் சுற்றித்தான் போக வேண்டும். கோல் கம்பத்தைத் தாண்டும்போது பந்து எங்கள் ஆள் ஒருவன்மீது பட்டு வெளியே தெறித்து என் நெஞ்சில் வந்து மோதியது. அனிச்சையாகப் பிடித்துக்கொண்டேன். சிங்கப்பூருக்குக் கார்னர். அவர்கள் ஆட்டக்காரன் ஒருவன் என்னை நோக்கி ஓடிவந்தான். கறுத்த முகம், எண்ணெய் வழிய வாரிய தலை, பார்த்தாலே நம் ஆள்.

"அண்ணே, குடுங்கண்ணே! நேரமாவுது!"

எத்தனையோ நாளாக இந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவன் என்னைத் தமிழில் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.  கம்பத்தடியில் மலாக்கா கோல்கீப்பர் கையை ஆட்டிக் கத்தினான்: "ஜாங்ஙான் காசி! ஜாங்ஙான் காசி!" கொடுக்காதே, கொடுக்காதே என்கிறான். எதிர்ப் பந்தலிலிருந்து சின்ன முதலாளியின் குரல்: "எறிடா முருகேசா, எறி!"

"அண்ணே, நீங்க நம்ம ஆளுதானே?" என்றான் அந்தப் பையன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"ஆமாம்ப்பா" என்றேன். நம் ஆள்தான், சந்தேகமே இல்லை. சொல்லிவிட்டு, பந்தை இரண்டு கைகளாலும் வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.